ஒரே நிறம், இரு திரவங்கள்: கள்ளக்குறிச்சி வகுப்பறையில் வேதியியல்



பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ என்றொரு பாடம் உண்டு. ஆல்கஹால் என்னும் சேர்மக் குடும்பத்தை மாணவர்கள் அதில் நெருங்கிப் பார்க்கிறார்கள். அக்குடும்பத்தின் முதல் உறுப்பினர் மெத்தனால், இரண்டாவது எத்தனால். பிற ஊர்களில் இவ்விரு பெயர்களும் மதிப்பெண்ணுக்குரிய இரண்டு வரிகளாகக் கடந்துபோகலாம். கள்ளக்குறிச்சியில் அவ்வாறு கடந்துபோக இயலாது.

2024 ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் எங்கள் நகரின் கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயம் அருந்தியவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள், பெண்களும் இருந்தார்கள். அவர்கள் அருந்திய திரவத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்திருந்தது.

இம்மாவட்டத்துப் பள்ளியொன்றில் நான் வேதியியல் கற்பித்து வருகிறேன். கருணாபுரத்துப் பிள்ளைகளும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும், நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமரும் வகுப்பு அது. இப்பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எனக்கு வெறும் தொழில்முறைக் கேள்வியாக இல்லை. கல்வியை அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம் என்று நம்புகிறவர்களுக்கு, கற்பிக்கும் முறையும் அந்த அமானிதத்தில் அடங்கும். அந்த எண்ணத்தில்தான் சில அனுபவங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்ட விடையை ஒரு முக்கோணமாக வரையலாம். ஒரு மூலையில் கண்ணால் காணும் பொருள்: நீர், உப்பு, துரு, புகை. இன்னொரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்: அணு, மூலக்கூறு, அயனி. மூன்றாவது மூலையில் குறியீடுகள்: வாய்பாடு, சமன்பாடு, கணக்கு. வேதியியல் அறிந்தவர் இம்மூன்றுக்கும் இடையே தம்மை அறியாமலே தாவிக்கொண்டிருப்பார். புதிதாகக் கற்கும் மாணவரோ எந்த மூலையில் நிற்கிறோம் என்றே தெரியாமல் திகைத்துப்போவார்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் மூன்றாவது மூலையிலேயே பாடம் தொடங்கி அங்கேயே முடிந்தும்விடுகிறது. மெத்தனாலின் வாய்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் ஒரு கண்ணாடிக் குவளையில் நிறமற்ற திரவத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டால், “தண்ணி, டீச்சர்” என்ற பதில் தயங்காமல் வரும். தெளிவாக இருப்பதெல்லாம் தூய்மையானது, தூய்மையாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் போன்றது என்னும் எண்ணம் வாய்பாட்டுக்கு அடியில் அசையாமல் கிடக்கிறது. தேர்வு அதைத் தொடுவதேயில்லை. தெருவில் விற்கப்படும் நஞ்சு அந்த எண்ணத்தின் மீதுதான் விற்பனையாகிறது.

ஆகவே முதல் பாடத்தை நான் இப்படித் தொடங்குவது வழக்கம். மேசையில் நான்கு குவளைகள் இருக்கும். ஒன்றில் நீர், ஒன்றில் உப்புக் கரைசல், ஒன்றில் சலவைச் சோடாக் கரைசல், ஒன்றில் நீர் சேர்த்த வெள்ளை வினிகர். தொடக்கூடாது, முகரக்கூடாது, சுவைக்கவே கூடாது. பார்த்து மட்டும் சொல்ல வேண்டும். எவராலும் சொல்ல முடியாது. பிறகு மஞ்சள் தடவிய தாள் துண்டுகளை நனைக்கிறோம். சலவைச் சோடாவில் நனைத்த தாள் மட்டும் சிவக்கிறது. மற்ற மூன்றும் இன்னும் ஒன்றுபோலவே இருக்கின்றன. செம்பருத்திப் பூச்சாறு ஊற்றியதும் வினிகர் தன்னை இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கிறது. எஞ்சியவை நீரும் உப்புநீரும். அவற்றைத் தனித்தனிக் கரண்டியில் விட்டுச் சூடாக்கினால் ஒன்று வெண்படிவை விட்டுச்செல்கிறது. மற்றொன்று பெரும்பாலும் ஒன்றையும் விட்டுச்செல்வதில்லை.

நாற்பது நிமிட வகுப்பில் மாணவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஒரு பொருளை அதன் தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது, தகுந்த சோதனையைக் கொண்டே அறிய முடியும். அதோடு இன்னொன்றையும் கண்டுகொள்கிறார்கள்: ஒரே சோதனை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடாது. இவ்விரண்டும் மனத்தில் பதிந்த பிறகுதான் கரும்பலகையில் வாய்பாடுகள் வருகின்றன. அப்போது அவை மனனம் செய்யும் எழுத்துகளாக இல்லாமல், கண்ணுக்குத் தெரியாததைக் குறிக்கும் பெயர்களாக மாணவருக்குப் புரிகின்றன.

ஒரு கார்பனின் தூரம்

இரண்டாவது பாடத்தில் களிமண் உருண்டைகளும் தீக்குச்சிகளும் வேண்டும். கறுப்பு உருண்டை கார்பன், சிவப்பு ஆக்ஸிஜன், வெள்ளை ஹைட்ரஜன். ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு குச்சிகள், ஆக்ஸிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. இந்த ஒரே விதியைக் கொடுத்துவிட்டு, ஒரு கார்பன், ஓர் ஆக்ஸிஜன், நான்கு ஹைட்ரஜன்களைக் கொண்டு ஒரு மூலக்கூறு செய்யச் சொல்கிறேன். மெத்தனால் பிறக்கிறது. இன்னொரு கார்பனையும் இரண்டு ஹைட்ரஜன்களையும் கொடுத்தால் எத்தனால் பிறக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, “எது ஒன்றுபோல் இருக்கிறது? எது மாறுகிறது?” என்று கேட்கிறேன். ஆக்ஸிஜனும் அதில் தொங்கும் ஹைட்ரஜனும் இரண்டிலும் உண்டு. அதுவே வினைச்செயல் தொகுதி. அதனால்தான் இரண்டும் நீரில் கரைகின்றன, இரண்டும் எரிகின்றன, மணமும் ஏறத்தாழ ஒத்திருக்கிறது. மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, எத்தனால் 78.4 டிகிரியில். வெப்பமானி இல்லாத கைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பேச்சு வழக்கிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்: சாராயம், அல்லது ஸ்பிரிட். நிறம் ஒன்று, மணம் ஒன்று, பெயரும் ஒன்று. மூலக்கூறு மட்டும் வேறு. உடலுக்குள் சென்றதும் அந்த ஒரு கார்பன் வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி இரண்டையும் ஒரே விதமாகவே கையாள்கிறது, ஹைட்ரஜனை அகற்றுகிறது. எத்தனால் அசிட்டால்டிஹைடாகி, பிறகு அசிட்டிக் அமிலமாகிறது. அது வினிகரில் உள்ள அமிலம். உடல் அதை எரித்துவிடும். மெத்தனால் பார்மால்டிஹைடாகி, பிறகு பார்மிக் அமிலமாகிறது. எறும்பின் கடியில் நாம் அறிந்த அமிலம் அது. மனித உடல் அதை மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. அது தேங்கும்போது இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனை இழக்கின்றன. பார்வை நரம்பு முதலில் பழுதாகிறது.

இப்பாடத்தை எடுக்கும்போது வகுப்பில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட முடியாது. தந்தையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அதனால் கருணாபுரத்தை நான் உதாரணமாகச் சொல்வதில்லை. எவருடைய துயரமும் கரும்பலகைக்கு உரிய பொருள் அல்ல. முந்தைய நாளே, “நாளைக்கு ஆல்கஹால் பாடம், விரும்புகிறவர்கள் நூலகத்தில் இருக்கலாம், குறிப்புகளைப் பிறகு தருகிறேன்” என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடுவேன். இதுவரை எவரும் நூலகத்துக்குப் போனதில்லை.

ஒருமுறை வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பின், ஒரு மாணவி களிமண் மெத்தனாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “டீச்சர், அன்னிக்கு ராத்திரி எங்கப்பா நல்லாத்தான் இருந்தாரு. மறுநாள்தான் கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்னாரு. ஏன் உடனே தெரியல?”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். மெத்தனால் மெத்தனாலாக இருக்கும்வரை அது தரும் மயக்கம் மற்றச் சாராயத்தின் மயக்கம் போன்றதே என்றேன். உடல் அதைச் சிறிது சிறிதாகப் பார்மிக் அமிலமாக மாற்றி, அந்த அமிலம் தேங்குவதற்குப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் குடித்தவருக்கும் தெரியாது, உடனிருப்பவருக்கும் தெரியாது.

“அப்போ ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா?”

அந்தக் கேள்வி அவளுடைய வீட்டில் பல மாதங்களாக யாரும் வாய்விட்டுக் கேட்காமல் சுமந்திருந்த கேள்வி என்பது அவள் முகத்தில் தெரிந்தது. உண்மையை மறைக்கவும் கூடாது. அவள் தலையில் ஒரு பாரத்தை ஏற்றவும் கூடாது. “சீக்கிரம் போனால் மருத்துவர்களால் அதிகம் செய்ய முடியும், அம்மா. ஆனால் போக வேண்டும் என்று தெரிவதற்கு அந்த ராத்திரியில் எந்த அடையாளமும் இருக்கவில்லை. தெரியாததை உங்கள் வீட்டில் யாரும் தெரிந்து மறைக்கவில்லை. நிறமும் மணமும் ஒன்றாக இருந்த ஒன்றை உன் அம்மா எப்படிப் பிரித்து அறிந்திருப்பார்?” என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இத அம்மாகிட்ட சொல்லணும், டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வேதியியல் கருத்து சரியாகப் புரிந்தால் அது என்ன செய்யும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தரும் விடை இதுதான். வருங்காலத்தில் ஓர் உயிரை அது காக்கக்கூடும். ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றின் பழியை, அதற்கு உரியவர் அல்லாத ஒருவர் தலையிலிருந்து இறக்கியும் வைக்கக்கூடும்.

அளவு என்னும் அறிவு

“தண்ணி ஊத்திட்டா வீரியம் போயிடும்” என்று மாணவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். இந்த எண்ணத்தைச் சொற்களால் அசைக்க முடியாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் அசைக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் கரைத்தால் அடர்ந்த ஊதா. அதில் பத்தில் ஒரு பங்கை அடுத்த புட்டியில் ஊற்றி, ஒரு லிட்டராக நிரப்புகிறோம். இப்படியே ஏழு புட்டிகள் வரை போகிறோம். நான்காவது புட்டியில் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு. ஐந்தாவதில் இருக்கிறதா இல்லையா என்று வாதம் நடக்கிறது. ஏழாவது புட்டி வெறும் நீர்தான் என்று எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள்.

அப்போதுதான் மோல் கணக்கு வகுப்புக்குள் வருகிறது. ஏழாவது புட்டியில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உள்ளது. பெர்மாங்கனேட்டின் ஒரு மோல் 158 கிராம். அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், வெறும் நீர் என்று சத்தியம் செய்த அந்தப் புட்டியில் ஏறத்தாழ 3,800 லட்சம் கோடி பெர்மாங்கனேட் அயனிகள் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் பலரை அச்சுறுத்தும் மோல் கருத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கண் தோற்றுப்போகும் இடத்தில் எண்ணிக்கை பேசத் தொடங்குகிறது.

பிறகு மெத்தனாலுக்கு வருகிறோம். அதன் ஒரு மோல் 32 கிராம்; கன அளவில் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர். ஒரு தேநீர்க் குவளையில் பாதிகூட நிரம்பாது. அவ்வளவே ஒரு மனிதரின் உயிரைப் பறிக்கப் போதுமானது. அதைவிடக் குறைந்த அளவு பார்வையைப் பறித்துவிடும். நீர் ஊற்றினால் குவளை நிறையும். உள்ளே சென்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையாது. செறிவு வேறு, மொத்த அளவு வேறு என்னும் பாடம் அப்போது எவருக்கும் இருமுறை சொல்லித்தர வேண்டியதில்லை.

மலையிலிருந்து வரும் பிள்ளைகள்

கல்வராயன் மலையின் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் பெரும்பாலும் சாராய ஊறல் அழிப்போடு சேர்ந்தே வருகிறது. வெல்லமும் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் புளிக்கவைத்த ஊறல் பேரல்கள் கவிழ்க்கப்படும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூர்ப் பக்கத்திலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் இதனால் குனிந்த தலையோடு அமர்கிறார்கள். அம்மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. பாதையும் பிழைப்பும் சரியாக இல்லாத இடத்தில் தவறான பிழைப்பு வேர்விடும் என்பதை அறிய அதுவே போதும்.

அந்தப் பிள்ளைகளின் ஊரை வேதியியலின் ஊராகக் காட்டுவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. நொதித்தலுக்கு ஊறலை உதாரணமாக எடுப்பதில்லை. இட்லி மாவு போதும். மலையின் பெருமைக்குரிய பொருள் கடுக்காய். அதை இடித்து ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் பழுப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவது இரும்பு சல்பேட். அதன் கரைசலைச் சில துளிகள் விட்டதும் சாறு கருநீலமாகிறது. அதைத் தொட்டு எழுதினால் முதலில் வெளிறித் தெரியும். மறுநாள் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு எழுத்து நன்றாகக் கறுத்திருக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டால் மீண்டும் வெளிறும். டானின், இரும்பு அயனி, ஆக்ஸிஜனேற்றம், அமிலத்தின் விளைவு என்று ஒரு பருவத்துப் பாடம் ஒரு கடுக்காய்க்குள் இருக்கிறது.

அரபுலகின் எழுத்தர்கள் மரக்கட்டிக் காய்களின் சாற்றையும் இரும்பு உப்பையும் சேர்த்து இதே வகை மையைச் செய்தார்கள். கரி மையோடு இந்த மையும் கையெழுத்துப் பிரதிகளில் பயன்பட்டது. திருக்குர்ஆன் பிரதிகளை எழுதிய கைகள் அறிந்திருந்த வினையும், கல்வராயன் மலைக் கடுக்காயில் நடக்கும் வினையும் ஒன்றே என்று சொன்னபோது, எங்கள் மக்தபில் ஓதும் சிறுவன் ஒருவன் மலையிலிருந்து வந்த தன் நண்பனிடம், “அடுத்த தடவ ஊருக்குப் போனா எனக்கும் நாலு கடுக்கா கொண்டாடா” என்று கேட்டான். அந்த நண்பன் கொண்டுவந்தது ஒரு பை நிறைய.

மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. கசப்பு வகைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் சேர்மம் இருக்கிறது. நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று மலையின் பாட்டிகளுக்குத் தெரியும். ஏன் என்று பேரப்பிள்ளை வகுப்பில் கற்கிறான். ஊரார் அறிவும் பாடநூல் அறிவும் சந்திக்கும் அந்த இடத்தில் குனிந்த தலை நிமிர்கிறது.

“ஹராம்” என்று சொல்லி நிறுத்திவிடலாமா?

நம் வீடுகளில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “மதுவைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு விளக்கம்? ஹராம் என்று சொன்னால் போதாதா?” நம்பிக்கையாளருக்கு அல்லாஹ்வின் கட்டளையே போதுமானது, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கட்டளை வந்த முறையைச் சிந்திக்க வேண்டும். திருக்குர்ஆன் மதுவை ஒரே நாளில் முற்றாகத் தடுத்துவிடவில்லை. முதலில் அதன் பயனையும் கேட்டையும் எடைபோட்டுக் காட்டியது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றது. உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முழுத்தடை வந்தது. படிப்படியாகப் புரியவைத்துப் பிறகு முடிவைத் தருவது மிகச் சிறந்த கற்பித்தல் முறை. அதை நம் வகுப்பறைகளும் மக்தபுகளும் பின்பற்றுவது பொருத்தமானதே.

மதுவின் குற்றத்தைக் குடிப்பவரோடு நிறுத்தாமல், தயாரிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் வருவாயை உண்பவர் என்று விரித்துக் காட்டிய மார்க்கம் நம்முடையது. மெத்தனால் மலையில் வடிக்கப்படுவதன்று. ஆலைகளில் பெயிண்ட், பிசின், கரைப்பான்கள் செய்வதற்காக உற்பத்தியாகும் பொருள். அது ஒரு கூலித் தொழிலாளியின் குவளைக்கு வந்துசேரப் பல கைகள் வேண்டும். ஆகவே இறந்தவர்களை மட்டும் பழித்துவிட்டுக் கலைந்துபோவது நம் மார்க்கம் கற்றுத்தந்த நீதியாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மெத்தனால் கொல்லும் என்று கற்பிக்கும்போது, எத்தனால் பாதுகாப்பானது என்ற தவறான முடிவுக்கு மாணவர் வந்துவிடக் கூடாது. மதுபானங்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒன்று ஓர் இரவில் கொல்கிறது. மற்றொன்று ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைக் கரைக்கிறது.

மெத்தனால் நஞ்சுக்கு எத்தனாலே மருந்தாகவும் கொடுக்கப்படுவதுண்டு என்று சொன்னதும் வகுப்பில் சலசலப்பு எழும். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை செல்லும் பேருந்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். இருக்கைகள்தாம் நொதி. எத்தனால் முந்திக்கொண்டு இருக்கைகளை நிரப்பிவிட்டால், மெத்தனாலுக்கு இடமில்லை. அது பார்மிக் அமிலமாக மாறாமல் காத்திருக்கும்; அதற்குள் சிறுநீரகமும் டயாலிசிஸும் அதை வெளியேற்றிவிடும். இப்போது ஃபோமெபிசோல் என்னும் மருந்தும் அதே இருக்கையை மறித்துக்கொள்கிறது. “அப்ப ஹராம் எப்படி டீச்சர் மருந்தாகும்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வேதியியலின் எல்லை எனக்குத் தெரியும். ஊர் ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். உயிர் காக்கும் நிர்ப்பந்த நிலையை அறிஞர்கள் எவ்வாறு தனியாகப் பார்த்தார்கள் என்று அவர் அவனுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். நல்ல கேள்வி ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்துபோய்த் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆல்கஹால் என்னும் சொல்லே அரபியின் ‘அல்-குஹ்ல்’ என்பதிலிருந்து வந்தது. அது நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. நுண்பொடியைக் குறித்த அச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்று, 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் காலத்தில் மதுவின் சாரத்துக்குப் பெயராயிற்று. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களும், 9-ஆம் நூற்றாண்டில் நறுமணப் பொருள்களை வடிப்பது பற்றி அல்-கிந்தீ எழுதிய நூலும், பொருள்களைத் தாது, தாவரம், விலங்கு என வகைப்படுத்திய அர்-ராஸீயின் பணியும் நம் மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுகின்றன. பெயர்களைச் சொல்லுவது எளிது. அவர்கள் எடைபோட்டார்கள், வடித்தார்கள், கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தார்கள். நம் பிள்ளைகளின் கையில் ஒரு தராசையும் ஒரு குவளையையும் கொடுத்தால்தான் அந்தப் பெருமைக்கு நாம் உரியவர்கள் ஆவோம்.

நம்மால் இயன்றவை

வேதியியல் வகுப்பு கள்ளச்சாராயத்தை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வறுமையும் உடல்வலியும் கடனும் ஒரு மனிதரை அந்தக் குவளையிடம் தள்ளுகின்றன. பேராசை அதை விற்கிறது. சட்டமும் நிர்வாகமும் செய்ய வேண்டியதை ஆசிரியர் செய்துவிட முடியாது. ஆசிரியரின் பங்கு சிறியது. ஆயினும் அதை வேறெவரும் செய்ய மாட்டார்கள். கண்டதை நம்பாமல் சோதித்து அறியும் பழக்கமும், அளவைக் கணக்கிடும் திறனும், கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அது உறங்கித் தெளியும் மயக்கமன்று, அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டிய ஆபத்து என்னும் அறிவும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வழியாக ஒரு வீட்டுக்குள் போய்ச்சேர்ந்தால், அந்தப் பங்கு நிறைவேறியது.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஃரிபுக்குப் பின் நடக்கும் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு நாளை இத்தகைய செய்முறைகளுக்கு ஒதுக்குங்கள். மஞ்சள், வினிகர், சலவைச் சோடா, கடுக்காய், அன்னபேதி, களிமண், தீக்குச்சி இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு திருமண விருந்தின் ஓர் இலைக்கு ஆகும் செலவைவிட அதிகமிராது. அந்த வகுப்பின் கதவை நம் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்காதீர்கள். கருணாபுரத்துப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் சேர்த்தே திறந்துவையுங்கள். அண்டை வீட்டார் உரிமையை நமக்கு வலியுறுத்திச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

பெற்றோர்களே, தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் நாளில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “இன்றைக்கு வகுப்பில் எதைச் சோதித்துப் பார்த்தாய்?” பிள்ளையிடம் பதில் இல்லையென்றால், மறுநாள் ஆசிரியரைப் பணிவோடு கேளுங்கள். எங்களுக்கும் அது நல்ல நினைவூட்டலாக இருக்கும்.

பயன்தரும் கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் அல்லாஹ் அருள்வானாக. இழந்த குடும்பங்களின் துயரத்தை அவன் இலேசாக்குவானாக. ஆமீன்.